கேள்வித்தாள் ஒன்று சொல்கிறது, சட்டைப்பை நோட்டு ஒன்று சொல்கிறது

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மாங்கூழ் ஆலை ஊழியர்கள் கணினிப் பதிவு முறையை எப்படி ஏற்கிறார்கள் என்பது தலைப்பு. காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மூன்று ஆலைகளில் 200 பேருக்கு மேல் கேள்வித்தாள் கொடுத்து வாங்கிவிட்டேன். 'எளிது', 'பயனுள்ளது' இரண்டுக்குமே பெரும்பாலோர் 4, 5 போட்டிருக்கிறார்கள். கேள்வித்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்பா அளவு 0.94. வழிகாட்டிக்குத் திருப்தி. ஆனால் லோடு இறக்கும் இடத்திலும் பழுக்க வைக்கும் கூடத்திலும் நிற்கும் சூப்பர்வைசர்கள் எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. நாள் முழுக்க அதில் எழுதுகிறார்கள். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் உட்கார்ந்து டேப்லெட்டில் ஏற்றுகிறார்கள். பிரிக்ஸ் (பழத்தின் இனிப்பு அளவு) பற்றிக் கேட்டபோது ஒருவர், "லேப்ல இருந்து வர்ற வரைக்கும் 14ன்னு போட்டு வச்சிருப்பேங்க" என்றார். ஆலை முதலாளி ஒருவர், நோட்டைத் தடை செய்து மீறினால் அபராதம் போடலாமா என்று என்னிடமே கேட்கிறார். சீசன் முடிய இன்னும் ஐந்து வாரம்தான். இதை ஆய்வேட்டில் எப்படி எழுதுவது? எழுதாமல் விட்டுவிடலாமா? முதலாளிக்கு என்ன சொல்வது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: விட்டுவிடாதீர்கள். நோட்டை ஒதுக்கிவிட்டு எழுதினாலும் ஆய்வேடு தேறிவிடக்கூடும். ஆனால் ஆலையில் நடக்காத ஒன்றை நடப்பதாக எழுதியதாகிவிடும். மனிதர்-கணினி ஊடாட்டமும் நிறுவன நடத்தையும் சந்திக்கும் இடத்தில் உங்கள் தலைப்பு இருக்கிறது. ஆட்கள் ஒரு கருவியைப் பற்றிச் சொல்வதற்கும் அதை வைத்துச் செய்வதற்கும் நடுவே ஏன் இவ்வளவு தூரம் என்பது அங்கே பல பத்தாண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி. அந்தத் தூரம் உங்களுக்குக் கண்ணெதிரே கிடைத்திருக்கிறது. அதை அளக்க ஐந்து வாரம் போதும், இன்றே தொடங்கினால்.

முதலில் கையில் உள்ள கேள்வித்தாள்கள். ஒரு மாலை வேலைதான். அந்த 200 பேரில் டேப்லெட்டில் தன் பெயரில் உள்நுழைந்து பதிவு செய்கிறவர்கள் எத்தனை பேர்? மாங்கூழ் ஆலையில் சீசன் ஆட்களில் பெரும்பகுதி பழம் கழுவுகிற, தரம் பிரிக்கிற, கொட்டை நீக்குகிற இடங்களில் நிற்பவர்கள். அவர்கள் அந்தத் திரையைத் தொட வேண்டிய வேலையே இல்லை. தொடாதவர் 'எளிது' என்று 5 போட்டால் அது உங்கள் முகத்துக்காகப் போட்ட 5. அவர்களைப் பிரித்துவிட்டுச் சராசரியை மறுபடி போடுங்கள்.

அடுத்து, ஒவ்வொருவருடைய விடை வரிசைக்கும் திட்ட விலக்கம் (விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கணக்கிடுங்கள், எக்செல்லிலேயே வரும். பூஜ்யம் வந்தால் அவர் எல்லாக் கேள்விக்கும் ஒரே எண்ணை டிக் அடித்திருக்கிறார் என்று பொருள். ஆல்பா 0.94 என்பதில் மயங்க வேண்டாம். கிரான்பாக் 1951இல் கொடுத்த அந்த அளவு, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும். விடை உண்மையா என்பதைக் காட்டாது. ஒருவர் நெடுக 5, அடுத்தவர் நெடுக 4, இன்னொருவர் நெடுக 3 என்று போட்டாலே ஆல்பா உச்சிக்குப் போய்விடும். 0.90ஐத் தாண்டினால், ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டுவிட்டோமா என்று சந்தேகப்படுவதுதான் அளவியல்காரர்களின் வழக்கம்.

கேள்வித்தாளை யார் கையால் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஆலை அலுவலகம் மூலமாகப் போயிருந்தால், அதை ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் அப்படியே சொல்லிவிடுங்கள். சீசனுக்குச் சீசன் வேலை புதுப்பிக்கப்படும் ஆள், அலுவலகம் நீட்டிய தாளில் அலுவலகம் வாங்கிய செயலியைக் குறை சொல்ல மாட்டார். மொழியையும் சோதியுங்கள். 'இச்செயலி எனது பணித்திறனை மேம்படுத்துவதாகக் கருதுகிறேன்' போன்ற வாக்கியத்தைக் காட்டி, "இதுல என்ன கேக்கறாங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது. 'பணித்திறன்' என்பதை 'நான் ஒழுங்காக வேலை செய்கிறேனா' என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவர் 5 தான் போடுவார். யாராக இருந்தாலும் போடுவார்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஃப்ரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியில் இருந்துதான் 'எளிது', 'பயனுள்ளது' என்ற இரட்டை வருகிறது. ஒருவர் ஒரு மென்பொருளைத் தானே விரும்பி எடுப்பாரா என்பதை ஊகிக்க அது நன்றாக உதவும். உங்கள் ஆலையில் விருப்பத்துக்கு இடமில்லை, டேப்லெட் கட்டாயம். கட்டாயம் என்றால் கணக்கு மாறும் என்பதை வெங்கடேஷும் டேவிஸுமே 2000இல் காட்டினார்கள். மேலே இருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம், கட்டாயப் பயன்பாட்டில்தான் நேரடியாக வேலை செய்தது. ஆகவே 'ஏற்கிறார்களா' என்று கேட்பதில் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எப்போது பதிகிறார்கள், எதைப் பதிகிறார்கள், எதைப் பதியாமல் நோட்டில் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் விடை மாறும். ஆய்வுக்கு வேண்டியது அந்த மாற்றம்.

அதை அளக்க ஒரு வழி சொல்கிறேன். லாரி எடைமேடையில் நிற்கும்போது அச்சாகும் சீட்டில் நேரம் இருக்கும். அந்த நேரத்தை யாரும் கையால் போடுவதில்லை என்பதால் அதையே நங்கூரமாக வைத்துக்கொள்ளுங்கள். செயலியின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரங்கள் இருக்க வாய்ப்பு அதிகம்: லோடு வந்த நேரம் என்று சூப்பர்வைசர் தானே உள்ளிட்ட நேரம், பதிவு உண்மையில் சேமிக்கப்பட்ட நேரம். அறிக்கைத் திரையில் முதலாவது மட்டும்தான் தெரியும். சேமித்த நேரத்தைத் தரச் சொல்லி மென்பொருள் கொடுத்தவரிடம் ஆலை வழியாகக் கேளுங்கள். ஆறு நாள் போதும். லோடு குவியும் நாட்கள் இரண்டு, நடுத்தரம் இரண்டு, மந்தமான நாட்கள் இரண்டு. ஒவ்வொரு லாரிக்கும் சேமித்த நேரத்தில் இருந்து எடைச்சீட்டு நேரத்தைக் கழித்தால் தாமதம் நிமிடத்தில் கிடைக்கும்.

இதில் தவறு நுழையும் இடங்கள் மூன்று. எடைமேடைக் கணினியின் கடிகாரமும் டேப்லெட் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. தினமும் காலையில் உங்கள் கைபேசி நேரத்தோடு இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பிறகு திருத்துங்கள். இரண்டாவது, பழுக்க வைக்கும் கூடத்தின் உள்ளே வைஃபை எட்டாமல் இருக்கலாம். அப்படியானால் டேப்லெட்டில் சேமித்த நேரம் வேறு, சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம் வேறு. இரண்டாவதை எடுத்துவிட்டால் பாவம், உடனுக்குடன் பதிந்தவர் மேலும் தாமதப் பழி விழும். மூன்றாவது, சராசரி போடாதீர்கள். பத்துப் பதிவு மூன்று நிமிடத்திலும் நான்கு பதிவு ஆறு மணி நேரத்திலும் வந்தால் சராசரி யாருக்கும் பொருந்தாத ஒரு எண்ணாக வரும். இடைநிலை எண்ணும் (வரிசையில் நடுவில் வருவது), கால்மானங்களும் (கால், முக்கால் இடங்களில் வருபவை), புள்ளிகளாக இட்ட ஒரு வரைபடமும் போதும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் புள்ளிகள் ஈ மொய்ப்பது போல் குவிந்திருந்தால் அந்த ஒரு படமே உங்கள் வழிகாட்டியிடம் பேசும்.

பிரிக்ஸ் நெடுவரிசையையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். பெங்களூரா ரக மாங்கூழ் வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது குறைந்தது 14 பிரிக்ஸ். அந்த எண்ணை உங்களிடம் பேசியவர் தற்செயலாகப் பிடிக்கவில்லை. பிரிக்ஸ் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்த அளவுகள் 13.6, 14.8, 15.2 என்று சிதறி வரும். 14.0 மட்டும் கொத்தாக வந்தால் அது பழத்தின் இனிப்பைச் சொல்லவில்லை, திரையின் பிடிவாதத்தைச் சொல்கிறது. கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாத திரை, ஆய்வுக்கூடத்தில் இருந்து அளவு வருவதற்கு முன்பே லாட்டை (ஒரு தொகுதிப் பழத்தை) லைனுக்கு விட வேண்டிய வேலை. இரண்டுக்கும் நடுவே நிற்கிற மனிதர் ஒரு எண்ணைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பிறகு திருத்துகிறாரா, மறந்துவிடுகிறாரா என்பதையும் அதே தரவில் பார்க்கலாம்.

இனி நோட்டு. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு சூப்பர்வைசர் பக்கத்தில் ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் நில்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம், கவனம் சோர்ந்துவிடும். எழுதும் அட்டை, பேனா, கழுத்தில் அடையாள அட்டை என்று போனால் ஆடிட்டர் வந்ததாக நினைப்பார்கள். அவர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்ன நோட்டே உங்களுக்கும் போதும். அவர் நோட்டில் எழுதும் ஒவ்வொரு தடவையும் நான்கைக் குறியுங்கள்: மணி, கை எப்படி இருந்தது (ஈரம், கையுறை, கூடை தூக்கிய கை), என்ன நடந்ததும் எழுதினார், எழுதிய பிறகு யாரிடம் அதைச் சொன்னார். "ஏன் டேப்லெட்டில் போடவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கேட்ட நிமிடத்தில் நீங்கள் முதலாளி பக்கத்து ஆள் ஆகிவிடுவீர்கள். "இது அப்புறம் யாருக்கு வேணும்ங்க?" என்று கேளுங்கள். அவரே மீதியைச் சொல்வார்.

வேலை ஓய்ந்த நேரத்தில், அவர் சம்மதித்தால், நேற்றைய பக்கம் ஒன்றை வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள். செயலியில் இதற்குக் கட்டம் இருக்கிறது, கட்டம் இருக்கிறது ஆனால் வேறு வடிவில், கட்டமே இல்லை. மூன்றாவது வகைக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். டிரைவரின் போன் எண், எந்தத் தோட்டத்துப் பழம் எந்த மூலையில் கிடக்கிறது, பக்கத்துக் கூடத்துக்குக் கடனாகப் போன கூடைகள், 'நாளைக்கு மிச்சம் தருவதாகச் சொன்னார்' என்ற ஒரு வரி. இவை எல்லாம் ஆலையை ஓட்டுகிற தகவல்கள். அலுவலகத்துக்குத் தேவைப்படாததால் செயலி செய்தவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடித்துத் திருத்திய எண்களையும் விடாதீர்கள். லோடு இறக்கும் இடத்தில் கழிவு (கெட்ட பழத்துக்காகக் கழிக்கும் சதவீதம்) என்பது அளந்து எழுதுகிற எண்ணாக இருப்பதைவிடப் பேசி முடிக்கிற எண்ணாகவே இருக்கிறது. மேலே இருக்கும் பத்துக் கூடையைப் பார்த்து ஒரு சதவீதம் சொல்வார்கள். அடிப்பழத்தைப் பார்த்ததும் அது ஏறும். மண்டிக்காரர் போன் செய்ததும் இறங்கும். நோட்டில் 8ஐ அடித்து 6, 6ஐ அடித்து 7 என்று இருக்கும். செயலியில் ஒருமுறை சேமித்ததை மாற்றினால் 'திருத்தப்பட்டது' என்று மேலாளர் திரையில் சிவப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பேச்சு முடியும் வரை ஒருவரும் அதில் கை வைக்க மாட்டார்கள். வைக்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய அனுபவ அறிவு.

தெலுங்கிலோ கன்னடத்திலோ கிறுக்கியிருந்தால் அதையும் குறியுங்கள். திரையில் 'நிராகரிப்பு' என்று இருப்பதை அவர்கள் 'கழிவு' என்கிறார்கள். 'தொகுதி எண்' என்று இருப்பதை 'லாட்டு' என்கிறார்கள். நாள் முழுக்க ஒரு சொல், மாலையில் இன்னொரு சொல் என்று மனதுக்குள் மொழிபெயர்ப்பது உழைப்பு. அது எந்தக் கணக்கிலும் வராது.

திரையின் உடல் பிரச்சினை வேறு இருக்கிறது. இப்போது வரும் டேப்லெட் திரைகள் விரலால் ஏற்படும் மின்புல மாற்றத்தை உணர்ந்து வேலை செய்பவை. நீர்த்துளியும் அதே மாதிரி மாற்றத்தை உண்டாக்கும். தொடாத இடம் தொட்டதாகப் பதியும். தடித்த ரப்பர் கையுறை அந்த மாற்றத்தைத் தடுத்துவிடும், தொட்டாலும் பதியாது. மாம்பழச் சாறு காய்ந்து ஒட்டிய திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டியில் ஒரு பொத்தான் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்கச் சொல்கிறார்கள். அது உலர்ந்த கைக்கான அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்கேலை எடுத்துத் திரையை அளந்து, கிடைத்த எண்ணை ஆய்வேட்டில் போடுங்கள். பிறகு ஐந்து சூப்பர்வைசர்களிடம் ஒரு லோடைப் பதியச் சொல்லி, என்ன நினைக்கிறார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். ஐந்து பேரே போதும் என்று யாக்கோப் நீல்சன் சொன்னதற்கு ஒரு கணக்கு உண்டு: சராசரியாக ஒருவரிடம் 31 சதவீதக் கோளாறு தென்பட்டால் ஐந்து பேரில் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். ஆனால் ஐந்து பேரும் ஒரே மாதிரி வேலை செய்பவர்களாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். லோடு இறக்கும் இடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

நீங்கள் பார்ப்பது உங்கள் ஆலைக்கு மட்டும் உரிய கோளாறு இல்லை என்பதைக் காட்ட நான்கு ஆய்வுகள் கைகொடுக்கும். 1967இல் ஹெரால்டு கார்ஃபிங்கல், ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள் அரைகுறையாக இருப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு என்று எழுதினார். எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் ஒரே வேலையில் இருப்பவர்கள். விட்டுப்போனதை அவர்களால் நிரப்பிக்கொள்ள முடியும். கிறிஸ்டியன் ஹீத்தும் பால் லஃப்பும் 1996இல், பிரிட்டனில் கணினி வந்த பிறகும் டாக்டர்கள் காகிதக் குறிப்பைக் கைவிடாததை அருகில் இருந்து ஆராய்ந்தார்கள். காகிதத்தில் சுருக்கமாக, இடத்தைப் பார்த்து, நோயாளியோடு பேசிக்கொண்டே எழுத முடிந்தது. கணினி ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாகக் கேட்டது. உங்கள் சூப்பர்வைசரை இவர்களோடு சேர்த்துப் படியுங்கள்.

ஜோனதன் க்ரூடின் 1988இல் சொன்னது இன்னும் நேரடியானது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள் ஏன் தோற்கிறது என்று கேட்டுவிட்டு, வேலை ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் போவதை முதல் காரணமாக வைத்தார். பொது நாட்காட்டி அவருடைய உதாரணம்: கூட்டம் கூட்டுகிற மேலாளருக்கு வசதி, நாட்காட்டியை நிரப்பும் சுமை எல்லோருக்கும். உங்கள் ஆலையில் ஒரு தாளில் இரண்டு பட்டியல் போடுங்கள். டேப்லெட்டில் யார் எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள், அதில் இருந்து வரும் அறிக்கையை யார் பார்க்கிறார்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர் வருகிறதா? வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி 1992இல் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பார்த்ததும் இதன் உறவுதான். கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள மென்பொருள் வந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு மணி நேரமும் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் கணக்கில் எழுதப்பட வேண்டும், பதவி உயர்வோ தனக்குத் தெரிந்ததை வைத்துப் போட்டியிட்டுப் பெறுவது. பகிர்வதற்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. மென்பொருளைப் பார்ப்பதற்கு முன் சம்பளத்தையும் பதவியையும் பார் என்று அந்த ஆய்வு கற்றுக்கொடுக்கிறது. உங்கள் சூப்பர்வைசருக்கு ஊக்கத்தொகை எதற்கு? டன்னுக்கா, பதிவுக்கா?

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1950களின் தொடக்கத்தில் அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் போய்ப் பார்த்தபோது, ஒவ்வொருவரும் ஒரு துண்டு வேலைக்குப் பொறுப்பாக, யார் யாரோடு சேர்ந்தவர் என்றே தெளிவில்லாமல் இருந்தார்கள். ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பு என்று மாற்றி அமைத்ததும் உற்பத்தி உயர்ந்தது. தறி மாறவில்லை. அதைச் சுற்றி ஆட்கள் நின்ற விதம் மாறியது. வழிகாட்டி 'இதற்கு இந்தியச் சான்று இருக்கிறதா' என்று கேட்டால் இதை எடுத்து வையுங்கள்.

முதலாளிக்கு என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். தடை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நோட்டைப் பிடுங்கினால் எழுதும் தேவை போய்விடாது. உள்ளங்கைக்கும் அட்டைப்பெட்டித் துண்டுக்கும் இடம் மாறும். அபராதம் பதிவின் நேரத்தை அழகாக்கும், உள்ளே இருக்கும் எண்ணைக் கெடுக்கும். இப்போது ஒரு 14.0 பொய், பிறகு கழிவும் எடையும்கூட முன்கூட்டியே ஊகித்துப் போட்டவையாக இருக்கும். ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வை அவருக்கு இரண்டு வரியில் சொல்லலாம். நல்ல தலைமை உள்ள செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார், அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறை வெளியே சொல்லப் பயம் இல்லை என்பது அவர் கண்ட விளக்கம். பழம் எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது, எப்போது பழுக்க வைக்கும் எத்திலீன் கூடத்துக்குள் போனது, எந்த டிரம்மில் கூழாகச் சேர்ந்தது என்ற தொடரை ஒரு புகார் வந்தால் பின்னோக்கிப் பிடிக்கத்தானே முதலாளி இத்தனை செலவு செய்தார்? பயத்தில் போட்ட எண்ணை வைத்து அதைப் பிடிக்க முடியாது.

தடைக்குப் பதில் அவர் முன் வைக்க ஒரு சிறிய சோதனை: ஒரே ஒரு இறக்கும் இடம், 10 நாள். பிரிக்ஸ் கட்டத்தில் 'பிறகு வரும்' என்று விட அனுமதி, அளவு கிடைத்ததும் ஆய்வுக்கூடமே அதை நிரப்பும். சேமித்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை தடவை திருத்தினாலும் மேலாளர் திரையில் காட்டாது. டேப்லெட் நிழலில், ஒரு ஸ்டாண்டில், பக்கத்தில் ஒரு துணியோடு. சொற்கள் அவர்கள் பேசும் சொற்கள். இவற்றோடு, சூப்பர்வைசருக்கே உதவுகிற ஒன்றைத் திரை திருப்பித் தர வேண்டும். எந்தக் கூடத்தில் எத்தனை கூடை, எந்த லாட்டு எத்தனை நாள் ஆயிற்று என்ற ஒரு பக்கமே போதும். இந்தக் கடைசி மாற்றத்தை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் செய்யப் பார்ப்பார்கள், ஏனென்றால் இதற்குத்தான் காசு கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்; க்ரூடின் சொன்ன சமமின்மையைத் தொடுகிற மாற்றம் அது ஒன்றுதான்.

சோதனைக்கு முன்னும் பின்னும் தாமதத்தை அளக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. சீசன் கடைசியில் லோடு தானாகவே குறையும், லோடு குறைந்தால் தாமதமும் தானாகவே குறையும். அதை உங்கள் மாற்றத்தின் வெற்றி என்று எழுதிவிடுவீர்கள். அதே 10 நாளில் மாற்றம் செய்யாத இன்னொரு ஆலையின் தாமதத்தையும் எடுத்து வைத்து, இரண்டின் குறைவையும் ஒப்பிடுங்கள்.

சம்மதம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாளியின் அனுமதி ஆலைக்குள் நுழைய. சூப்பர்வைசரின் நோட்டைத் திறக்க அவருடைய அனுமதி வேண்டும். வாய்ச் சம்மதம் வாங்கும்போதே, வேண்டாம் என்றால் எந்த நட்டமும் இல்லை என்று அவர் பேசும் மொழியில் சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்தாமல், சாட்சி வைத்து வாய்ச் சம்மதத்தைக் குறித்துக்கொள்ளலாமா என்று உங்கள் நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள். பக்கத்தைப் படம் எடுத்தால் பெயர், போன் எண், லாரி எண் எல்லாவற்றையும் அங்கேயே மறைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று விடாதீர்கள். 'காலை ஷிஃப்ட் இறக்கும் இடத்துச் சூப்பர்வைசர்' என்று எழுதினால் ஆலையில் எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரியும். அந்த 14 பேச்சைக்கூட எந்த ஆலை என்று சொல்லாமல், மூன்று ஆலைகளையும் சேர்த்து வேலையின் பெயரால் எழுதுங்கள். ஆள்வாரித் தாமதக் கணக்கு நிர்வாகத்துக்குப் போகாது என்று முதலாளியிடம் முன்பே எழுதி வாங்குங்கள். அபராதம் பற்றிப் பேசுகிறவர் கையில் உங்கள் அட்டவணை கிடைத்தால் அது பட்டியலாகிவிடும். எழுதித் தர மறுத்தால் அந்த ஆலையில் நோட்டைத் தொடாதீர்கள். இரண்டு ஆலை போதும்.

வழிகாட்டியை எதிர்த்துக்கொள்ளத் தேவையில்லை. முதலில் கேள்வித்தாள், பிறகு அதன் முடிவை விளக்கக் களஆய்வு என்ற வரிசைக்கு ஆய்வுமுறை நூல்களில் இடம் உண்டு. விளக்கத் தொடர் வடிவமைப்பு என்பார்கள். தலைப்பு மாற வேண்டாம், செய்த வேலையும் வீணாகாது. கேள்வித்தாள் இயல் அப்படியே இருக்கட்டும், திரையைத் தொடாதவர்களைப் பிரித்த திருத்தத்தோடு. அதற்கு அடுத்த இயலில் ஒரே அட்டவணையில் இடப்பக்கம் அவர்கள் சொன்ன மதிப்பெண், வலப்பக்கம் பதிவின் தாமதம். பதிகிறவர்கள் மொத்தம் இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துப் பெரிய புள்ளியியல் மாதிரிகள் ஓட்டினால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பிடிப்பார். ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் காட்டினாலே போதும். மூன்று நோட்டுப் பக்கங்களை, மறைத்த பெயர்களோடு, முழுதாக அச்சிட்டு வரி வரியாக விளக்குங்கள். வாய்மொழித் தேர்வில் அந்த மூன்று பக்கத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: இந்த வாரம் எழுத்து ஒப்பந்தமும் சேமித்த நேரத் தரவுக்கான கோரிக்கையும், இரண்டாவது வாரம் கவனிப்பும் ஐந்து பேர் சோதனையும், மூன்றும் நான்கும் 10 நாள் முயற்சி, ஐந்தாவது வாரம் பக்கம் படிக்கும் பேட்டிகள். ஆனால் நோட்டுகளுக்கு மட்டும் ஐந்தாவது வாரம் வரை காத்திருக்காதீர்கள். நிரம்பிய நோட்டு ஆலையில் யாருக்கும் கணக்கில்லை. சீசன் முடியும் வாரத்தில் கூடை துடைக்கவும், பழைய பேப்பர்காரருக்கும் போய்விடும். மே மாதம் நிரம்பியவை இப்போதே யார் வீட்டில், எந்த மேசை டிராயரில் கிடக்கின்றன என்று நாளைக்கே விசாரியுங்கள். லோடு குவிந்த நாட்களின் பக்கங்கள் அவற்றில்தான் இருக்கின்றன.